ஓய்வு பெறப்போகும் நூலகர் மனதில் வைத்திருப்பதை விக்கியில் ஏற்ற முடியுமா?

செவ்வந்தி
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். எங்கள் நூலகர் ஐயா வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். முப்பத்தொரு வருடம் ஒரே மேஜையில் இருந்தவர். நூல் விவரங்களை எல்லாம் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றியாகிவிட்டது, அதில் குறை இல்லை. என் கவலை கோஹாவில் ஏறாத விஷயங்களைப் பற்றித்தான்.

ஒன்று சொல்கிறேன். மாடியில் ஏழாம் பீரோ என்று இருக்கிறது. உள்ளூர்த் தமிழாசிரியர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த பழைய நூல்களை அவர் குடும்பத்தார் கொடுத்தார்கள், அவை அதில் இருக்கின்றன. வரவுப் பதிவேட்டில் அந்த நூல்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். சிவப்பு மையில் ஒன்று, நீல மையில் ஒன்று. ஏன் என்று யாரைக் கேட்டாலும் "சாரைக் கேளுங்க" என்பார்கள். சாரைக் கேட்டால் ஒரே நிமிடம்: ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகிப் பதிவேடு நனைந்துவிட்டது, அடுத்த மாதமே உட்கார்ந்து மறு எண் போட்டார்கள், நீலம்தான் செல்லும், ஆனால் பழைய ஆய்வேடுகளில் சிவப்பு எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அதனால் சிவப்பை அடிக்கக் கூடாது. இதெல்லாம் எங்கேயும் எழுதப்படவில்லை. ஜூன் மாதம் ஒரு மாணவர் சிவப்பு எண்ணோடு வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்?

இப்போதைக்கு மூன்று கணினிகளில் மூன்று எக்செல் கோப்புகள், ஒரு வாட்ஸ்அப் குழு. முதல்வரிடம் "விக்கி வைக்கலாமா" என்று கேட்டேன். "விக்கிப்பீடியா மாதிரியா? யார் வேண்டுமானாலும் வந்து மாற்றிவிடுவார்களே" என்றார். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூலகத்துக்குள் விக்கி வைத்து நடத்தியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். நாங்கள் ஐந்து பேர்தான். கணினித் துறையின் உதவி கேட்டால் கிடைக்கும், ஆனால் தினமும் கேட்க முடியாது.


வடம்பிடி
செவ்வாய், காலை 7.15

உங்கள் முதல்வர் கேட்டது நியாயமான கேள்வி. விக்கிப்பீடியா 2001-இல் வந்தது. விக்கி அதற்கும் முன்னால், 1995-இலேயே வந்துவிட்டது. வார்ட் கன்னிங்காம் என்ற மென்பொருளாளர், தன்னைப் போன்றவர்கள் தொழிலில் கற்றதை ஒரே இடத்தில் எழுதி வைக்க உண்டாக்கியது அது. ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. அதாவது பலர் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவும் ஒரு வகை மென்பொருள், அவ்வளவுதான். கதவு திறந்திருக்க வேண்டுமா, ஐந்து பேருக்கு மட்டும் சாவியா என்பதை வைப்பவர் முடிவு செய்யலாம். கல்லூரி வளாகத்துக்கு வெளியே தெரியாமலும் வைக்கலாம்.

உங்களுக்கு டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் போதும். அதற்கு டேட்டாபேஸ் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடுகிற ஏதாவது ஒரு பழைய கணினி கிடைத்தால் ஆரம்பித்துவிடலாம். காப்பு எடுப்பதும் சுலபம், அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் போதும். நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் கோப்பை நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம். நூலகத்துக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறு எனக்குத் தெரியவில்லை. வார்ப்புரு (பக்கங்களுக்குப் பொதுவான படிவம்), பகுப்பு (பக்கங்களின் வகைப்பிரிவு) எல்லாம் பெரிய அளவில் வேண்டுமென்றால் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி இருக்கிறது, ஆனால் அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும்.

"மாற்றிவிடுவார்களே" என்ற பயத்துக்கு முதல்வரிடம் ஒரு விஷயத்தைச் செய்து காட்டுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு வரியை அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். வரலாறு பகுதியைத் திறந்தால் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வரியை அழித்தார் என்று பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு சொடுக்கில் பழையதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பிறகு உங்கள் எக்செல் கோப்பில் ஒரு வரியை அழித்துச் சேமித்துக் காட்டுங்கள். எது பத்திரம் என்று அவரே சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒன்று. முகப்பை அழகாக வடிவமைப்பதில் நாளைக் கடத்தாதீர்கள். ஆட்கள் எப்படிக் கேட்கிறார்களோ அதையே தலைப்பாக வையுங்கள். "ஏழாம் பீரோ நூல்களுக்கு ஏன் இரண்டு எண்?" இதுவே ஒரு பக்கம். "கொடை விவரங்கள்" என்று தலைப்பு வைத்தால் யாரும் தேடி வர மாட்டார்கள்.


பழைய பதிவேடு
செவ்வாய், பகல் 1.05

அம்மா செவ்வந்தி, நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. நாங்களும் ஒரு விக்கி தொடங்கினோம். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படும்.

முதல் மூன்று மாதம் எல்லோரும் எழுதினோம். நான்காம் மாதம் முதல் நான் மட்டும் எழுதினேன். இரண்டாம் வருடம், அதை நிறுவிய தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல். கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் கேட்டவுடன் கொடுத்தார், அவர் மேல் தவறில்லை. ஆனால் அதற்குள் அந்தக் கணினியை வேறு பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிட்டார்கள். நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தோம். அதில் பாதியை நான் என் கையால் எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வடம்பிடி சொன்ன மென்பொருள் விவரம் எல்லாம் சரிதான். ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று விஷயத்தை எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். யார் பொறுப்பு, அவர் விடுப்பில் போனால் அடுத்து யார், கடவுச்சொல் எந்த உறையில் எந்த அலமாரியில் இருக்கிறது. வாரா வாரம் காப்பு எடுக்கும் வேலை யாருடைய பணிப்பட்டியலில் வருகிறது என்பதும் அதிலேயே இருக்கட்டும். இது இல்லாமல் தொடங்கினால் அது தனி மனிதரின் ஆர்வம், நூலகத்தின் வேலை ஆகாது.

இன்னொன்று, விக்கி வந்துவிட்டது என்று நூற்பட்டியலில் இருக்க வேண்டியதை அங்கே எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். நூலின் தலைப்பு, ஆசிரியர், எண், இருப்பு எல்லாம் கோஹாவில்தான். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பொய்யாகிவிடும். "ஏன்", "எப்படி" என்பவை மட்டும் விக்கிக்குப் போகட்டும்.


செவ்வந்தி
செவ்வாய், இரவு 10.20

ஐயா, நீங்கள் சொன்ன மூன்று விஷயத்தையும் குறித்துக்கொண்டேன். நூற்றைம்பது பக்கம் போனது என்பதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. உறை யோசனையை நாளைக்கே செய்கிறேன்.

வடம்பிடி அண்ணா, அழித்துக் காட்டும் யோசனை ரொம்ப நல்லது. எனக்கு இன்னொரு சந்தேகம். எங்களிடம் ஆய்வு மாணவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? "விக்கியெல்லாம் ஆய்வுக்கு ஆகாது" என்று சில வழிகாட்டிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.


பனையோலை
புதன், காலை 11.30

என் வழிகாட்டியும் அப்படித்தான் சொன்னார், அக்கா. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த தமிழ் உரைநடையைப் பற்றித்தான் என் முனைவர் ஆய்வு. அதில் பெரும்பகுதிக்கு நான் நம்பியிருப்பது விக்கிமூலத்தை, விக்கிப்பீடியாவோடு சேர்ந்த மின்னூலகம் அது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பழைய அச்சுநூலின் ஒளிவருடல் (ஸ்கேன்) ஒரு பக்கம், தட்டெழுத்து உரை பக்கத்திலேயே. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் கண்ணைத் திருப்பினால் போதும், மூலம் எதிரில் இருக்கிறது. வேறு எந்த மின்னூலிலும் எனக்கு இந்த வசதி இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

ஆனால் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு நூலில் "நாடு" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. அதை வைத்து ஒரு பத்தியே எழுதிவிட்டேன், அந்த ஆசிரியர் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்று. அப்புறம் தற்செயலாக உரையைப் படித்துக்கொண்டு வந்தபோது "நரடு" என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. பழைய அச்சில் காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒரே உருவம். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் கருவி காலை ரகரமாகப் படித்திருக்கிறது. தேடினால் நரடு, நரட்டில், நரட்டின் என்று வரிசையாக வருகிறது! ஆசிரியர் எதையும் தவிர்க்கவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். ணை, லை, னை எல்லாம் துதிக்கை வைத்த பழைய உருவத்தில் இருக்கும், கருவி அங்கேதான் அதிகமாகத் தடுமாறும்.

பத்தியை அடித்துவிட்டு, அன்றைக்குத்தான் நூலின் பக்க எண்கள் வரிசையாக இருக்கும் அட்டவணைப் பக்கத்தின் நிறங்களை ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்பு என்றால் கருவி படித்தது அப்படியே கிடக்கிறது. மஞ்சள் என்றால் ஒருவர் மெய்ப்புப் பார்த்துவிட்டார். பச்சை என்றால் இரண்டாவதாக வேறொருவரும் சரிபார்த்துவிட்டார், மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. நான் எண்ணியது முழுக்கச் சிவப்பு. இப்போது சொல் எண்ணிக்கைக்குப் பச்சைப் பக்கங்களை மட்டும் எடுக்கிறேன். எனக்கு வேண்டிய பக்கம் சிவப்பாக இருந்தால் நானே உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்து மஞ்சளாக்கிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த உரைநடையை நான் படிக்கிற ஆழம் வேறு எப்போதும் வாய்த்ததில்லை.

மேற்கோள் காட்டும்போது நூல், பதிப்பு, ஆண்டு, ஒளிவருடலில் தெரியும் பக்க எண், அதோடு விக்கிமூலத்தில் நான் பார்த்த வடிவத்தின் நிலையான இணைப்பு. பக்கத்தின் சாதாரண முகவரியைக் கொடுத்தால் நாளைக்கு யாராவது திருத்தியிருப்பார்கள். நிலையான இணைப்பு நான் பார்த்த வடிவத்தையே காட்டும். இதை விளக்கிய பிறகு என் வழிகாட்டி ஒப்புக்கொண்டார். எந்தப் பதிப்பை ஒளிவருடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொன்னார். மறுபதிப்புகளில் கை வைத்திருப்பார்கள்.

உங்கள் ஏழாம் பீரோவில், ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கடந்து காப்புரிமை முடிந்த நூல்கள் இருந்தால் சொல்லுங்கள் அக்கா. விக்கிமூலத்தில் இல்லாதவை ஒன்றிரண்டு இருந்தாலும் பெரிய விஷயம். மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன்.


சுன்னாகத்துச் சுடர்
புதன், இரவு 8.05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நூலகம் என்ற சொல்லைக் கேட்டால் 1981 ஜூன் 1 நினைவுக்கு வராத ஆட்கள் எங்கட ஊரில் இல்லை. பொது நூலகம் எரிந்ததில் போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. அந்த வயதில் நான் சின்னப் பிள்ளை. சாம்பல் பறந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும்.

2005-இல் தொடங்கின நூலகம் திட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், noolaham என்று தேடினால் வரும். அது மீடியாவிக்கியில் ஓடுகிற எண்ணிம நூலகம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு விக்கிப் பக்கம், ஒரு நூலக எண். ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் எல்லாம் ஒரே வார்ப்புருவில். எனக்குப் பெரிதாகப் படுவது என்னவென்றால், சஞ்சிகைகளின் இதழ் இதழாக உள்ளடக்கத்தையும் தட்டெழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண நூற்பட்டியலில் சஞ்சிகையின் பெயரோடு கதை முடிந்துவிடும். இங்கே உள்ளே இருக்கிற கட்டுரையின் தலைப்பும் எழுதினவரின் பெயரும் தேடலில் அகப்படும். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, தன்னுடைய அம்மப்பா 70களில் ஒரு சிற்றிதழில் எழுதின கவிதையை இப்படித்தான் கண்டுபிடித்தாள். வீட்டில் ஒரு பிரதியும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது எல்லாம் விட்டுவிட்டுப் போனவர்கள்.

செவ்வந்தி, உங்களிடம் பழைய சிற்றிதழ்கள், கல்லூரி மலர்கள் இருந்தால் உள்ளடக்கத்தை மட்டுமாவது விக்கியில் ஏற்றுங்கோ. ஒளிவருடல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு மலரின் உள்ளடக்கத்தை அடிக்க அரை மணித்தியாலம் போதும்.


மூன்றாம் விதி
வியாழன், காலை 6.50

சுடர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பட்டியலாக்கப் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், என் தலைவலி எல்லாம் பெயர்தான்.

கல்கி என்று தேடினால் எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தி வர வேண்டுமா, பத்திரிகை வர வேண்டுமா, பத்தாவது அவதாரமா? புதுமைப்பித்தனை ஒரு நூலில் சொ. விருத்தாசலம் என்று போட்டிருக்கும். பாரதிதாசனைக் கனகசுப்புரத்தினம் என்று ஒரு பழைய பதிவில் பார்த்தேன். விக்கியில் இதற்கு அழகான தீர்வு உண்டு. எல்லாப் பெயர்களையும் ஒரே பக்கத்துக்கு வழிமாற்றிவிடலாம். ஒரே பெயர் பல பேருக்கு இருந்தால் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் ஒன்று. வாசகர் எந்தக் கதவில் நுழைந்தாலும் சரியான அறைக்குப் போய்ச் சேர்வார். 2012-இல் வந்த விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, மாற்றுப்பெயர்களையும் உலக நூலகங்கள் வைத்திருக்கும் எண்களையும் அதோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

அப்புறம் முன்னெழுத்து. நம் ஊரில் கடைசியாக வருவது அவரவர் சொந்தப் பெயர், வெளிநாட்டுப் பட்டியல் விதியோ கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக நினைத்துக்கொள்ளும். நம் நூலகத் துறையின் பெரியவர் எஸ். ஆர். ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து சீர்காழி, இரண்டாவது தந்தை பெயர், ரங்கநாதன் அவர் பெயர். அவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது. "வரதராசன், மு." என்று போடுவதா "மு. வரதராசன்" என்று போடுவதா என்பதை உங்கள் நூலகர் ஐயா எப்போதோ முடிவு செய்திருப்பார். அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் அவர் வாயாலேயே கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். புதிதாக வருகிறவர் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டால், அதைச் சரிசெய்ய ஒரு வருடம் பிடிக்கும். எங்களுக்குப் பிடித்தது.


மலைக்கோட்டை
வியாழன், மாலை 5.10

பொது நூலகத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 15 முதல் பிப்ரவரி 5 வரை, நூலகர் ஒவ்வொருவரும் விக்கிப்பீடியாவில் ஒரு சான்றாவது சேர்க்க வேண்டும் என்று உலகம் முழுவதும் ஓர் இயக்கம் நடக்கிறது. 2016-இல் தொடங்கியது. போன வருடம் எங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து "சான்று தேவை" என்று கிடந்த தமிழ்க் கட்டுரைகளை எடுத்து, எங்கள் அலமாரி நூல்களிலிருந்து பக்க எண்ணோடு சேர்த்தோம். "இணையத்தில் இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டு வந்த பையன், மாலையில் எழுந்து போய்க் கலைக்களஞ்சியத் தொகுதியைக் கையில் எடுத்தான். செவ்வந்தி, உங்கள் மாணவர்களுக்கு இது நல்ல வேலை.


பழைய பதிவேடு
வியாழன், இரவு 7.30

நான் ஆரம்பத்தில் விக்கிப்பீடியாவை நம்பாதவன். 2005-இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிகாவில் மூன்று. பிரிட்டானிகா நிறுவனம் அந்த ஆய்வை மறுத்தது. எனக்கு அன்று உறைத்தது, பிரிட்டானிகாவையும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறேன் என்பது. பனையோலை, நீங்கள் அந்த "நரடு" கதையை உங்கள் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே எழுதுங்கள் அம்மா. அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டும்.


செவ்வந்தி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.45

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல்வர் முன்னால் வரியை அழித்து மீட்டுக் காட்டினேன். எக்செல் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை, அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். பொறுப்பு நான், அடுத்து எங்கள் நூலக உதவியாளர் அண்ணன். கடவுச்சொல் உறை அலுவலகப் பெட்டகத்தில். சனிக்கிழமை தோறும் காப்பு.

தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் சாரோடு மாடிக்குப் போகிறேன். அவர் பேசுகிறார், நான் செல்போனில் பதிவு செய்கிறேன், மாலையில் எழுதி ஏற்றுகிறேன். இதுவரை இருபத்திரண்டு பக்கங்கள். முதல் பக்கம் ஏழாம் பீரோதான். இரண்டு மையின் கதை, கொடுத்த குடும்பம் வெளியே இரவல் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, மேல்தட்டில் செல்லரித்த ஐந்து நூல்களைத் தொடுவதற்கு முன் அடியில் அட்டை வைக்க வேண்டும் என்பது, எல்லாம் ஏறிவிட்டது. தற்செயலாக நூல்களைப் புரட்டியபோது அந்தத் தமிழாசிரியர் ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளையும் பார்த்தோம். அவற்றுக்குத் தனிப் பக்கம்.

போன வியாழக்கிழமை சார் வந்து தன் பக்கத்தைப் படித்தார். மறு எண் போட்ட வருடத்தில் ஒரு வரி மாறியிருந்தது. உதவியாளர் அண்ணன் மாற்றியிருந்தார். நனைந்த பதிவேட்டை வெயிலில் காயப்போட்டவர் அவர்தான், அவர் பையன் பிறந்த வருடம் அது, அதனால் வருடம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் சொன்னது எங்கே போச்சு?" என்று கேட்டார். வரலாற்றைத் திறந்து காட்டினேன். அவர் சொன்னது அவர் பெயரிலும், அண்ணன் திருத்தியது அண்ணன் பெயரிலும், இரண்டும் இருந்தன. பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். நீல மைக்குக் கீழே சின்னதாக ஒரு தேதி இருந்தது. அண்ணன் சொன்ன வருடம்தான்.

சார் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, அந்த வரிக்குக் கீழே தானே சேர்த்தார்: "பதிவேடு, பக்கம் 112, ஓரத்தில் தேதி உள்ளது. சரிபார்த்தேன்." அவர் கையால் ஏறிய முதல் வரி அது.

பனையோலை, ஏழாம் பீரோவில் பதினாறு நூல்கள் விக்கிமூலத்தில் தேடி அகப்படாதவை. எந்தெந்த ஆசிரியர்கள் எந்த வருடம் காலமானார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வர முடியுமா?


பனையோலை
ஞாயிறு, மாலை 5.02

வருகிறேன் அக்கா. பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.